கணக்கில் வராத ஒன்றேகால் மணி: பொறுப்பதா, பேசுவதா, மனு கொடுப்பதா, விலகுவதா?

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு தங்கை, கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் தம்பி, நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். மூவரும் ஒரே மாதத்தில் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: சம்பளம் இல்லாமல் வாங்கும் வேலை நேரத்துக்கு என்ன செய்வது? தங்கைக்கு இரவில் சேலை மடிப்பது பிரச்சினை. தம்பிக்குச் சூரிய உதயம்: பார்க்க வந்தவர்களை எழுப்பி டீ கொடுக்க விடியற்காலை நான்கு மணிக்கே வந்துவிட வேண்டும், ஐயப்ப சீசனில் அது மூன்றரை ஆகிவிடும். செவிலியருக்கு அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் அரை மணி நேரம். இந்த நேரம் எதற்கும் சம்பளம் கிடையாது. கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்ற பதில் கிடைக்கிறது.

நான் வக்கீல் அல்ல. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஆறு வருடம் நின்றவள். இப்போது ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். இந்த நான்கு வழிகளில் மூன்றை நானே நடந்து பார்த்திருக்கிறேன். நான்காவதில், அதாவது மனு கொடுப்பதில், இரண்டு பேருக்குத் துணையாகப் போயிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

பதிவேட்டில் உங்கள் நேரம் காலை 11 முதல் இரவு 8 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை. ஆனால் 10.30க்கே வந்து தூசு தட்டி அடுக்க வேண்டும். விரல் வைக்கும் மெஷினை 10.55க்கு முன் தொட விட மாட்டார்கள். இரவில் ஷட்டர் பாதி இறங்கியதும் மறுபடி விரல் வைக்கச் சொல்வார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகள் மேஜையில் மலையாகக் கிடக்கும். முந்தானை வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாக மடித்து அட்டைக்குள் வைத்து, நிறவாரியாக அடுக்கி, பை சோதனை வரிசையில் நின்று தெருவுக்கு வரும்போது மணி 8.45.

ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி. மாதம் 26 நாளுக்கு 32.5 மணி, அதாவது நான்கு முழு நாள் வேலை. சம்பளம் 12,000 ரூபாய் என்றால் மணிக்கு ஏறத்தாழ 58 ரூபாய். சாதாரண விகிதத்தில் இந்த நேரத்தின் மதிப்பு மாதம் 1,875 ரூபாய். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கச் சொல்கிறது. அப்படியானால் 3,750. வருடத்துக்கு 45,000.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சட்டப்படி கடையில் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். ஆக, ஒரு நாளில் ஒன்பதேகால் மணி வேலை வாங்குவது தப்பில்லை, அதற்குக் காசு கொடுக்காததுதான் தப்பு. ஆனால் ஆறு நாளைக் கூட்டிப் பாருங்கள்: 55.5 மணி. காசு கொடுத்தாலும் வாங்கக்கூடாத ஒன்றரை மணி நேரம் வாரக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. மேனேஜரிடம் பேசப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.

எதை வைத்து முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது இனிமேல் வரும் நேரமா, ஏற்கெனவே போன பணமா? இரண்டும் நியாயமான ஆசைதான். ஆனால் இரண்டுக்கும் வழி வேறு. முதலாளி மனம் வைத்தால் நாளை முதல் 8 மணிக்கே விட்டுவிடலாம், அதில் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. இரண்டு வருடத்து 90,000 ரூபாயைக் கேட்டீர்கள் என்றால், அதே பணத்தை இன்னும் நாற்பது பேருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றுதான் அவர் கணக்குப் போடுவார். இது தெரியாமல் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு இரண்டையும் இழந்தவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்தது, கையில் எழுத்தாக என்ன இருக்கிறது, உங்களோடு எத்தனை பேர் நிற்பார்கள், சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பவை. கடைசியாக, பலரும் சொல்லத் தயங்கும் ஒன்று: முதலாளியிடம் உங்கள் பொருள் எதுவும் இருக்கிறதா? அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், கடையிலேயே போட்டிருக்கும் சீட்டு, மருத்துவமனை வாங்கி வைத்திருக்கும் கல்விச் சான்றிதழ். கயிறு எந்தக் கொம்பில் கட்டியிருக்கிறது என்று பார்க்காமல் துள்ளக் கூடாது.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | எது கிடைக்கும் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பொறுத்துப் போவது | மாதச் சம்பளம், நிம்மதி (கொஞ்ச நாள்) | ஆட்டோ காசு, உடம்பு, பழக்கமாகிவிடுவது | தேதி குறித்து வெளியேற இருப்பவர்கள் |
| கூடிப் பேசுவது | நேரம் | இன்சென்டிவ் போவது, பிரிவு மாற்றம் | நான்கு பேராவது சேர்ந்தவர்கள் |
| மனு கொடுப்பது | பணம் | விசாரணைக்குப் போகும் நாட்கள், கடைக்குள் முகம் | எழுத்து ஆதாரம் உள்ளவர்கள் |
| விலகுவது | இரண்டும் கிடைக்கலாம், எதுவும் கிடைக்காமலும் போகலாம் | பயண நேரம், புது இடத்தின் வேறு வகை இலவச வேலை | கயிறு இல்லாதவர்கள் |

பொறுத்துப் போவது

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். தபால் வழியில் பட்டம் முடிக்க மூன்று மாதம் இருக்கிறது, பேறுகால விடுப்பு நெருங்குகிறது, முன்பணத்தில் நான்கு தவணைதான் பாக்கி. இப்படி ஒரு தேதி இருந்தால் பொறுப்பதில் அர்த்தம் உண்டு. தேதி இல்லாமல் பொறுப்பவர்கள்தான் ஆறாவது வருடத்தில் என்னைப்போல் முழங்கால் வலியோடு நிற்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் பிளவுஸ் துணி அடுக்கி வைத்தார்கள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 8 மணிக்கு வெளியே வந்தால் வடசேரி பஸ் நிலையத்தில் எங்கள் ஊர் பஸ்ஸைப் பிடித்து இலவசமாக வீடு சேரலாம். 8.45க்கு வந்தால் அது போயிருக்கும். அப்புறம் ஆட்டோதான், அல்லது அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டும். கடைக்கு இலவசமாகக் கொடுக்கும் நேரத்துக்கு நாமே கைக்காசும் போடுகிறோம்.

இன்னொன்று, பொறுமைக்குக் கிடைக்கும் பரிசைப் பற்றி. சில வருடம் வாய் திறக்காமல் இருந்தால் "இன்சார்ஜ்" என்று ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 1947ஆம் வருடச் சட்டத்தின் நேர வரம்பு பொருந்தாது. இன்சார்ஜுக்கு ஆள் எடுக்கவோ, விடுப்புக் கொடுக்கவோ அதிகாரம் கிடையாது, சேலை மடிக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கும். பேட்ஜ் குத்திவிட்டால் மட்டும் யாரும் நிர்வாகி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அதைப் பிறகு நிரூபிக்கும் தலைவலி உங்களுடையது.

கூடிப் பேசுவது

தனியாகப் பேசாதீர்கள். ஓணம் சீசனில் ஒரு இரவு நான் தனியாகப் போய், "சார், எட்டு மணிக்கு மேல் நிற்கும் நேரத்துக்குக் காசு வேண்டும். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து" என்று கேட்டேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. "பார்க்கலாம்மா" என்றார். மறுநாள் காலை என்னைப் பட்டுச் சேலையிலிருந்து எடுத்து மூன்றாம் மாடியில் லைனிங் துணிப் பிரிவில் போட்டார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் பட்டுச் சேலைக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரும் இன்சென்டிவ் போய்விட்டது. லைனிங் துணிக்கு யார் இன்சென்டிவ் தருவார்கள்? தண்டனை என்று எங்கும் எழுதப்படாத தண்டனை அது.

அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முன், நவம்பர் தொடக்கத்தில், ஐந்து பேராகப் போனோம். இந்த முறை பழைய பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மூத்த அக்காதான் பேசினார். இரண்டு மாத நேரக் கணக்கு எழுதிய நோட்டை மேஜையில் வைத்தார். "பஸ் உள்ள பிள்ளைகளை எட்டு மணிக்கு விட்டுவிடுங்கள் சார். மடிக்கிற வேலையை முறை வைத்துச் செய்கிறோம். முறை வருகிற அன்று மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறோம்" என்றார். பத்து நாள் இழுத்தடித்தார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். காசு வரவில்லை. நேரம் வந்தது. என் இன்சென்டிவ் மட்டும் திரும்பவே இல்லை.

அந்தப் பேச்சு பலித்ததற்கு நோட்டைவிடக் காலண்டர்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். நம் மாவட்டத்துக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வசதி, துணி வியாபாரத்துக்கு இங்கே மூன்று சீசன்: ஆவணியில் ஓணம், ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் கிறிஸ்துமஸ். சீசனுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் பழகிய ஐந்து பேரை இழக்க எந்த மேனேஜரும் விரும்ப மாட்டார். சீசன் நடுவில் கேட்டால் மிரட்டுவதாக எடுத்துக்கொள்வார். சீசன் முடிந்த பிறகு கேட்டால் ஆள்குறைப்புப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். கன்னியாகுமரி விடுதித் தம்பிக்கும் இதே கணக்கு: கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்குவதற்கு முன் பேசிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் வராமல் இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாறாக, ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரை நாள் சம்பளம் பிடிப்பதற்கு இடமில்லை. வராத நேரத்துக்கு உரிய விகிதத்தைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது. தாமதத்துக்கு நிமிடக் கணக்குப் பார்ப்பவர்கள் இரவில் மட்டும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

மனு கொடுப்பது

போன பணம்தான் வேண்டும் என்றால் வழி இதுதான். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 நடப்புக்கு வந்திருக்கிறது. அதில் நமக்கு உதவும் விஷயங்கள் சில. பாக்கியைக் கோர மூன்று வருட அவகாசம் உண்டு. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறே மாதம்தான் இருந்தது. சம்பளம் கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள் என்று கோரிக்கை வைத்தால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. பத்து மடங்கு என்றதும் கனவு காண வேண்டாம், அது உச்ச வரம்பு மட்டுமே. பதிவு பெற்ற சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் சங்கமே உங்களுக்காகக் கோரலாம்.

நடைமுறை இப்படி. நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நேராகப் போய் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆனால் அதுவும் சுற்றி அதே மேஜைக்குத்தான் வந்து சேரும். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு.

கொடுத்தவர் கதையையும் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மனு கொடுத்தார். முதல் விசாரணைக்குக் கடைத் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாவது முறை பதிவேட்டோடு வந்தார்கள். அதில் எல்லோரும் சரியாக 8 மணிக்கு வெளியேறியதாக இருந்தது, மெஷின் சாட்சியோடு. அவரிடம் இருந்தது நினைவு மட்டுமே. மூன்று விசாரணைக்கு மூன்று நாள் விடுப்பு, சம்பளம் பிடித்தம். நான்காவதற்கு அவர் போகவில்லை. இரண்டாமவர் நிலைமை வேறு. அவர் கடையின் வாட்ஸாப் குழுவில் மேனேஜர் போட்ட "நாளை முதல் அனைவரும் 10.30க்கு வரவும். தாமதமாக வருபவர்களுக்கு ஆப்சென்ட்" போன்ற செய்திகளை ஒன்றுவிடாமல் படமெடுத்து வைத்திருந்தார். பதிவேட்டில் 11 மணி, மேனேஜர் தானே அனுப்பிய செய்தியில் 10.30. அது சமரசத்தில் முடிந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினார்.

ஆகவே நோட்டு எழுதுங்கள்: தேதி, வந்த நேரம், போன நேரம், என்ன வேலை, யார் சொன்னது. வாட்ஸாப் செய்தியை அன்றன்றே படமெடுங்கள், அனுப்பியவர் பிறகு அழித்துவிடலாம். பை சோதனைக்கு நின்ற நேரத்தைத் தனியாக எழுதுங்கள். துடைப்பதும் மடிப்பதும் வேலைதான் என்பதில் யாரும் வாதாட முடியாது. வரிசையில் நிற்பது வேலையா என்று வாதாடுவார்கள். அமெரிக்காவிலேயே அதில் இரண்டு பதில் உண்டு. கிடங்குத் தொழிலாளர்கள் சோதனைக்காகக் காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருமனதாகச் சொன்னது. கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றமோ தன் மாநிலச் சட்டப்படி 2020இல் ஒரு வழக்கில் கூலி உண்டு என்றது. பத்து நிமிட வரிசைக்காக முழு மனுவும் சிக்கலாகிவிடக் கூடாது.

மனு கொடுத்ததற்காக நிறுத்திவிட்டால்? தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இதைப் பாதுகாப்பு என்று நம்பி மனு எழுதாதீர்கள். இது விழுந்த பிறகு பிடித்துக்கொள்ளும் கயிறு.

விலகுவது

போவது என்று முடிவெடுத்தவர்கள் போகும் இடத்தில் எந்த வகை இலவச வேலை இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். என் சித்தி முப்பது வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், இருந்தவர். "உனக்கென்ன, எடைக்குக் கூலி, யாரும் உன்னைப் பிடித்து வைக்க மாட்டார்கள்" என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் கைகளைக் காட்டினார். அண்டி எண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்து உரிந்திருந்தது. "அவித்த அண்டி வரும் வரை உட்கார்ந்திருப்பேனே, அதற்கு யார் கூலி தருகிறார்? எடை போட வரிசையில் நிற்பேனே, அதற்கு?" என்று கேட்டார். எடைக் கூலியில் காத்திருக்கும் நேரம் உங்கள் தலையில்தான் விழும்.

கேரளத்துக்குப் போகலாம் என்பது நம் ஊரில் எப்போதும் கேட்கும் யோசனை. கட்டுமான வேலைக்கு நாட்டிலேயே அதிகக் கூலி தரும் மாநிலம் அதுதான். கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் கணக்கு நேராகவே விழும். கடை வேலைக்குப் போகிறவர்கள் ரயில் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வர ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போகும். ஒன்றேகால் மணியைத் தப்பிக்க மூன்று மணியைக் கொடுப்பது, சம்பள வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டுமே சரி. களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

செவிலியருக்கு நான் சொன்னது விலகத்தான். சான்றிதழ் அவர் கையிலேயே இருக்கிறது, நான்கு வருட அனுபவம் இருக்கிறது, வேறு மருத்துவமனை கூப்பிடுகிறது. ஒப்படைக்கும் அரை மணி புது இடத்திலும் இருக்கும், நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் கிளம்ப முடியாது. அது ஷிப்ட் நேரத்துக்குள் வருகிறதா என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் முழுக் கணக்கையும் தீர்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதை வாங்கிய பிறகு பழைய பாக்கிக்கு மனு கொடுக்கலாம், அவகாசம்தான் மூன்று வருடம் இருக்கிறதே. ஆனால் கணக்குத் தீர்க்கும்போது "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெற்ற தொகையை மட்டும் எழுதி, "கூடுதல் நேர ஊதியம் நீங்கலாக" என்று உங்கள் கையால் சேர்த்துவிடுங்கள். மறுத்தால் அந்தத் தாளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத் தங்கைக்கு இன்னும் கடையை விட முடியாது. முன்பணம் ஏழு தவணை பாக்கி இருக்கிறது. ஆவணி பிறப்பதற்கு முன் பேசுங்கள், அதுவரை நோட்டு எழுதுங்கள் என்று சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாராம். என்ன எழுதுகிறாய் என்று பக்கத்துப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்தாராம். நேற்று அவர்கள் இருவரும் மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இன்னும் மூன்று நோட்டு வாங்கினார்களாம்.